ஆறியதும் மறையும் கோளாறு

எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்றின் கெடு நெருங்கும் மாதங்களில் வரும் வாசகர் கடிதங்களில் கட்டணப் புகார்தான் மிகுதி. இம்முறை ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் வேறொரு குழப்பத்தைச் சொல்கின்றன. பழைய சரக்கு வேன், எஃப்.சி. நடப்பில் இருக்கிறது. இறக்கத்தில் பாதி வழியில் பிரேக் மிதி அடிவரை போய்விடுகிறது. எப்படியோ கல்லிலோ மண்மேட்டிலோ ஒதுக்கி நிறுத்தி, அரை மணி கழித்து மிதித்தால் பிரேக் கல்லு மாதிரி பிடிக்கிறது. ஆயில் ஒழுகவில்லை, மெக்கானிக்கும் ஒன்றுமில்லை என்கிறார். ஓட்டியவர் பொய் சொல்கிறாரா, மெக்கானிக்குக் கண் தெரியவில்லையா?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்தக் கோளாறு சூட்டில் பிறந்து, ஆறியதும் மறைந்துவிடும்.

இந்த மலையில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல்மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே உள்ளது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கோ இறங்கும் வண்டி பல நூறு மீட்டர் உயரத்தைச் சில கொண்டை ஊசி வளைவுகளில் இழக்கிறது. கணக்குக்கு 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லோடோடு 2,500 கிலோ எடையுள்ள வேன் அத்தனை உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் சுமார் 1.2 கோடி ஜூல். 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கியரைக் குறைத்து இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் ஏறக்குறைய முழுவதும் நாலு சக்கரத்தின் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் போய்ச் சேரும்.

அந்தச் சூடு வீல் சிலிண்டர் வழியாகப் பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. ஆயில் என்று பெயரே தவிர, அது கிளைக்கால் வகைத் திரவம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும், டாப் அப் செய்யத் திறக்கும் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே போகும். புதிதாக வாங்கிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் கலந்ததும் அந்த வரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இதே கணக்கு 230, 155.

140 டிகிரியை நீண்ட இறக்கம் எளிதில் தொட்டுவிடும். தொட்டதும் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆகவே அது நம் மிதியின் விசையை அப்படியே சக்கரத்துக்குக் கடத்துகிறது. ஆவி அமுங்கும். காலால் கொடுக்கும் விசை முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே போய்விட, லைனிங் டிரம்மைத் தொடுவதே இல்லை. வண்டி நின்று சூடு இறங்கினால் ஆவி மறுபடி திரவமாகிறது. மிதி கெட்டியாகிறது.

என்னை உறங்கவிடாத இடம் இதுதான். விபத்து நடந்து பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து மிதித்துப் பார்க்கும்போது பிரேக் பிடிக்கும். விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று நம் ஊர் அறிக்கைகளில் வழக்கமாக வரும் வரி அப்படியே எழுதப்படும். மிச்சம் ஓட்டுநர். அவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் வழக்கு. ஆய்வாளர் பொய் எழுதவில்லை. ஆறிப்போன பிரேக்கைப் பார்த்து எழுதினார். ஆனால் ஆவி போனாலும் அது உண்டாகக் காரணமான நீர் ஆயிலிலேயே இருக்கிறது. ஒரு சிறு குப்பி ஆயிலை மாதிரியாக எடுத்தால் கொதிநிலையை அளந்து சொல்லிவிடலாம்.

தகுதிச் சான்று என்பது என்ன? சோதனை நடந்த அந்தச் சில நிமிடங்களில், சமதரையில், ஆறியிருந்த பிரேக் பிடித்தது என்பதற்கான தாள். அதற்கு மேல் அதில் பாதுகாப்பைப் படிக்காதீர்கள். 2022 ஏப்ரல் 2 அன்று ஜவ்வாது மலையில் புலியூர் மக்கள் செம்பரைக் கோயிலுக்குப் போன சரக்கு வேன் பள்ளத்தில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிரேக்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சரக்கு வண்டியில் ஆட்கள் ஏறவேண்டியிருக்கும் நிலையே முதல் காரணம். அந்த விபத்து நடந்த மூன்றாம் நாள், ஏப்ரல் 5 அன்று, தானியங்கிச் சோதனை மையங்களில்தான் எஃப்.சி. என்ற அறிவிப்பை ஒன்றிய அரசு வெளியிட்டது. கெடு பிறகு 2024 அக்டோபர் வரை தள்ளிப் போனது. மனிதக் கையைவிட இயந்திரம் நேர்மையானது என்கிறார்கள். இருக்கட்டும். அந்த மையத்தின் சோதனை ரோலரும் சக்கரத்தின் பிடிப்பு விசையை அளக்குமே தவிர, ஆயிலில் எத்தனை சதவீதம் நீர் என்று சொல்லாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எஃப்.சி. எத்தனை ஆண்டுக்கு? வணிக வண்டிக்கு 8 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

டாட் 3 இருக்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாமா? ஊற்றலாம், சிலிக்கான் வகையான டாட் 5 கூடாது.

பஸ்ஸுக்கும் இது வருமா? ஏர் பிரேக்கில் ஆயில் இல்லை, ஆவியும் இல்லை. லைனிங் சூடேறிப் பிடிப்பு குறைவது அங்கும் உண்டு.

மிதி இறங்கிவிட்டால்? விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள்.

சரக்கு வண்டியில் போனவருக்கு இன்சூரன்ஸ்? இலவசப் பயணிக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வண்டி வைத்திருப்பவர்கள் டாப் அப்போடு நிற்காமல், இரண்டாண்டுக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றி ஏர் எடுங்கள். போக்குவரத்துத் துறை ஒன்று செய்ய வேண்டும்: மலைப்பாதையில் விபத்துக்குள்ளான ஒவ்வொரு வண்டியிலிருந்தும் பிரேக் ஆயில் மாதிரி எடுத்து, அதன் கொதிநிலையை ஆய்வாளர் அறிக்கையில் சேர்க்க வேண்டும். அந்த எண் இல்லாத அறிக்கையை வைத்து ஓட்டுநரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது.