கப்பல் வந்துவிட்டது, பெட்டி எங்கே?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மளிகைக் கடை நடத்துபவர்களில் பலர், தீபாவளி நெருங்கினால் கைப்பேசியும் கையுமாகத்தான் இருப்பார்கள். திரையில் கடல் வரைபடம், அதில் ஒரு சிறு புள்ளி. தங்கள் சரக்கு ஏறிய கப்பல் அது. புள்ளி கிள்ளானை நெருங்கியதும் லோரிக்குச் சொல்லிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

அந்தப் புள்ளியைக் காட்டுவது 'ஏ.ஐ.எஸ்.' என்ற கருவி. அனைத்துலகப் பயணம் செய்யும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் இது கட்டாயம். கப்பல் ஓடும்போது சில வினாடிக்கு ஒருமுறை இடம், வேகம், திசை ஆகியவற்றை அதுவே அனுப்பிவிடும். இவற்றைப் பெரும்பாலும் நம்பலாம். ஆனால் பக்கத்திலேயே தெரியும் 'சேரும் நேரம்' கப்பல் ஊழியர் கையால் பதிவது. அவர் மாற்ற மறந்தால் பழைய தேதிதான் நிற்கும்.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நினைத்துப் பாருங்கள். ஹவுதி தாக்குதலுக்கு அஞ்சிய கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது. கால அட்டவணை குலைந்து, கப்பல்கள் கூட்டமாக வந்து சிங்கப்பூரில் நெரிசலை உண்டாக்கின. சில இங்கே திரும்ப, நம் துறைமுகத்திலும் காத்திருப்பு கூடியது. சென்னைப் பருப்புக்கும் செங்கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இல்லைதான், ஆனால் காத்திருக்கும் வரிசை ஒன்றே.

ஆகவே, கப்பல் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதைவிட அதன் வேகத்தைப் பாருங்கள். கரைக்கு வெளியே பூஜ்ஜியத்தில் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது பெட்டி. கப்பல் வேறு, கொள்கலன் வேறு. பில் ஆஃப் லேடிங்கில் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட கொள்கலன் எண் இருக்கும். கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைத் தட்டினால் ஏற்றியது, வழியில் கப்பல் மாறியது, இறக்கியது, துறைமுக வாயிலைக் கடந்தது என ஒவ்வொன்றும் தேதியுடன் வரும். கொழும்பில் கப்பல் மாற வேண்டிய பெட்டி அங்கேயே தங்கிவிட, நீங்கள் எதிர்பார்த்த கப்பல் மட்டும் கிள்ளானுக்கு வந்து சேர்வதும் உண்டு. 'இறக்கியது' என்று வரும்வரை லோரியை உறுதி செய்யாதீர்கள். வந்தபிறகு தாமதிக்கவும் கூடாது. இலவச நாட்கள் பொதுவாக அப்போதே ஓடத் தொடங்கும். அவை தீர்ந்தால் ஒவ்வொரு நாளும் கட்டணம் ஏறும். லாபம் மெலிந்த சரக்கில் அது மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

தாமதம் நான்கைந்து நாள் முன்பே தெரிந்தால், சுங்கப் பத்திரங்களை ஏஜெண்ட் சரிபார்க்கலாம், லோரி நாளை மாற்றலாம், மற்றவர்கள் ஓடிவரும் முன் உள்ளூர் மொத்த வியாபாரியிடம் கொஞ்சம் வாங்கி வைக்கலாம். முன்பதிவு செய்த வாடிக்கையாளரிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம்.

ஆனால் கப்பலில் ஏறாத பெட்டியை எந்தச் செயலியும் காட்டாது. 2023 டிசம்பர் 8 முதல் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது, வரைபடத்தில் பார்க்க எதுவுமே இல்லை. அப்போது கவனிக்க வேண்டியிருந்தது டெல்லியின் அறிவிப்புகளைத்தான். தடை 2024 மே மாதம் விலகியபோதும், டன்னுக்குக் குறைந்தது 550 அமெரிக்க டாலர் என்ற விலையும் 40 விழுக்காடு ஏற்றுமதி வரியும் கூடவே வந்தன.