கேஷ் வேலை… காலியாகும் ஸ்டேட்டஸ்!

“எதிர்வீட்டுப் பையன் போன மூணாவது மாசமே பணம் அனுப்ப ஆரம்பிச்சுட்டானாம்டா…” அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும் மகனிடம் வாட்ஸ்அப்பில் அம்மா போகிறபோக்கில் சொல்லும் இந்த ஒரு வரி, அடுத்த மாதமே அவனை ஏதோ ஒரு கேஸ் ஸ்டேஷன் கல்லாவில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு விதிகளின் பட்டியல் மனப்பாடம். இளநிலை என்றால் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட், முதுநிலை என்றால் பெரும்பாலும் 9. முழுநேரக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கல்லூரி தரும் ஐ-20 படிவம் காலாவதியாகும் முன்பே நீட்டிப்பு வாங்கிவிட வேண்டும்.

இவற்றில் சிக்கல் வருகிறது என்று தெரிந்ததும் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஓடினால் பெரும்பாலும் வழி பிறக்கும். உடம்பு முடியாதவர்களும், முதல் செமஸ்டரில் பாடம் புரியாமல் திணறுகிறவர்களும் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மாணவர் ஸ்டேட்டஸ் போன பிறகும், பொதுவாக 5 மாதத்துக்குள் அதைத் திரும்பப் பெற ‘ரீஇன்ஸ்டேட்மென்ட்’ கேட்டு விண்ணப்பிக்க முடியும். ஆனால் அதற்கான நிபந்தனைகளில் ஒன்றை நம்மவர்கள் பலர் படிப்பதே இல்லை. அனுமதியில்லாத வேலை பார்த்தவருக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். கிரெடிட் குறைந்தவருக்கு இருக்கிற மருந்து, கேஷ் வேலை பார்த்தவருக்கு இல்லை.

சட்டப்படியான வேலை என்ன? செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம், அதுவும் கேம்பஸுக்குள். லைப்ரரி கவுன்ட்டரோ, டைனிங் ஹாலோ, எது கிடைக்கிறதோ அது. வெளியே போவதென்றால் பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகுதான், அதுவும் படிப்போடு ஒட்டிய சிபிடி, ஓபிடி என்ற பயிற்சி வேலை அனுமதிகள் வழியாக.

கேஷ் வேலையோ இன்னொரு உலகம். வெள்ளிக்கிழமை இரவு இந்தியன் கடையின் பின்கதவு வழியாக அரிசி மூட்டை இறக்குவது, ஓட்டல் கிச்சனில் பக்கெட் பக்கெட்டாக வெங்காயம் உரிப்பது, நண்பன் பெயரிலுள்ள கணக்கில் சாப்பாடு டெலிவரிக்குப் போவது. சம்பளம் கவரில் வரும். பேங்கிலும் தெரியாது, வரிக் கணக்கிலும் தெரியாது, ஆகவே யாருக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை. கடைக்காரர் இரண்டு வாரச் சம்பளத்தை அமுக்கிக்கொண்டாலும் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அது அவருக்கும் தெரியும்.

மாட்டுவது பெரும்பாலும் கடையில் அல்ல. அக்கா கல்யாணத்துக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி போனைத் திறந்து காட்டச் சொல்வார். “நாளைக்கு ஷிஃப்ட் எத்தனை மணிக்கு அண்ணா?” என்ற மெசேஜ் அதில் அப்படியே இருக்கும். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் (அரசின் மாணவர் கண்காணிப்புத் தளம்) பதிவுகள் திடீரென ரத்தானபோது, சின்னப் போக்குவரத்து வழக்குகூடக் காரணமாகிப்போனதாகப் பலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகு பதிவுகள் திரும்பின என்பது வேறு விஷயம். பெரிய தப்பு எதுவும் செய்யாதவர்கள் வழக்குப் போட்டு மீண்டார்கள். ஷிஃப்ட் பார்த்தவர் எந்த முகத்தோடு வக்கீலிடம் போவார்?

வாடகையும் மளிகையும் விற்கிற விலையில் 20 மணி நேரச் சம்பளம் எந்த மூலைக்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கென்னவோ, பிள்ளைகளை அந்தப் பின்கதவுக்குத் தள்ளுவது அமெரிக்க வாடகையைவிட நம்மூர் இ.எம்.ஐ.தான் என்று தோன்றுகிறது. வீட்டுப் பத்திரத்தை வைத்து 30, 40 லட்சம் கடன். தனியாரிடம் வாங்கியிருந்தால் பல சமயம் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியில் ஒரு பகுதியைக் கட்டியாக வேண்டும். “அவன் பார்ட் டைம் பார்த்துக் கட்டிடுவான்” என்று கடன் வாங்கும் நாளிலேயே கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கில் ‘20 மணி நேரம்’ என்ற வரியே கிடையாது.

நெருக்கடி நிஜமாகவே வந்தால், அதற்கும் ஒரு நேர்வழி இருக்கிறது. ஒரு கல்வியாண்டை ஒழுங்காக முடித்த மாணவர், எதிர்பாராத பண நெருக்கடியைக் காட்டி கேம்பஸுக்கு வெளியே வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். செலவு கொடுத்துவந்த அப்பாவின் தொழில் படுத்துவிட்டது, ரூபாய் மதிப்பு சரிந்துவிட்டது, பெரிய மருத்துவச் செலவு வந்துவிட்டது என்பவையெல்லாம் ஏற்கப்படும் காரணங்கள். கிடைத்தாலும் வகுப்பு நடக்கும் நாள்களில் அதே 20 மணி நேரம்தான். கடன் வாங்கும்போதே தெரிந்திருந்த இ.எம்.ஐ. எதிர்பாராத நெருக்கடி ஆகாது.

இந்த விண்ணப்பத்துக்குக் காகிதம் இங்கிருந்துதான் போயாக வேண்டும். ஆஸ்பத்திரி பில், பேங்க் ஸ்டேட்மென்ட், அப்பாவின் வேலை போனதற்கான கடிதம். பல வீடுகளில் “பிள்ளை கவலைப்படுவான், படிக்கட்டும்” என்று பீரோவில் பூட்டி வைத்திருப்பதும் இதே காகிதங்களைத்தான்.