கடலோர விடுமுறையில் மழை வந்தால்...

பள்ளி விடுமுறை என்றதும் நம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடற்கரைதான். ஆனால், குவாந்தான், செரத்திங் போன்ற கிழக்குக்கரை ஊர்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். கனமழையும் பேரலையும் அப்போது வழக்கம்.

நான் இரண்டாம் படிவம் படித்த ஆண்டின் டிசம்பரில், அப்பா சேர்த்து வைத்த விடுப்பில் எங்களைத் தெலுக் செம்பெடாக் அழைத்துச் சென்றார். கரையில் சிவப்புக் கொடி பறந்தது. "இவ்வளவு தூரம் வந்து காலைக்கூட நனைக்காமல் போவதா?" என்று தம்பி அழுதான். அப்பாவும் சற்றுத் தயங்கினார். இந்தத் தயக்கம்தான் ஆபத்தானது.

சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக்கூடாது. கடலை நோக்கி இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்துபவரையும் கொண்டு போய்விடும். அதில் சிக்கியவர் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். இடி கேட்டால் உடனே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

அன்று அப்பா காரைச் சுங்கை லெம்பிங்கிற்குத் திருப்பினார். 1986இல் மூடப்பட்ட ஈயச் சுரங்கத்தின் வரலாற்றைச் சொல்லும் அரும்பொருளகம் அங்குள்ளது. சுரங்கத் தொழிலாளர்களின் கருவிகளைக் கண்டதும் தம்பி கடலை மறந்தான். மழைக்காலத்தில் அவ்வூரில் வெள்ளம் ஏறுவதுண்டு. ஆகவே, சாலை நிலவரத்தைக் கேட்டறிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

கடற்கரைக்குக் கிளம்பும் முன் மழைநாளுக்கும் ஒரு திட்டம் வைத்திருப்போம். கடல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். நாம் அனைவரும் இருக்க வேண்டுமல்லவா?