இடம் கிடைத்தால் போதுமா? பழங்குடிப் பிள்ளைகளின் பல்கலைக்கழகப் பயணம்

பிழைப்பைத் தேடிப் பெருநகரங்களுக்கு வந்த நமக்கு, வேற்று மொழி வழங்கும் ஊரில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பாடு நன்றாகத் தெரியும். நம் பிள்ளைகள் பயிலும் அதே கல்லூரிகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு மாநிலங்களின் மலைக்கிராமங்களிலிருந்து வந்த பழங்குடி மாணவர்களும் பயில்கிறார்கள். அவர்களில் அநேகர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்கள் அங்கே நிலைத்து நின்று பட்டம் பெறுவது எப்படி?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் பழங்குடியினர் 10.4 கோடிப் பேர். அப்போது தேச அளவில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிவு பெற்றிருக்க, பழங்குடியினரில் 59 பேரே பெற்றிருந்தனர். அதன்பின் முன்னேற்றம் உண்டாயிற்று. உயர்கல்வி பயிலும் பழங்குடி மாணவர்கள் 2014-15இல் 16.4 இலட்சம் பேர், 2021-22இல் 27.1 இலட்சம் பேர். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் அவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

மறுபக்கமும் உண்டு. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்களை மட்டும் விட்டு இடையில் விலகிய பழங்குடி மாணவர்கள் 2,622 பேர் என்று 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. சிலர் வேறு படிப்புக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறியிருக்கலாம் என்று அரசு விளக்கியது. ஆனாலும், சட்டம் இடத்தைத்தான் கொடுக்க முடியும். அந்த இடத்தில் ஊன்றி நிற்க வேறு துணைகள் தேவை.

மொழி என்னும் முதல் படி

சந்தால் பிள்ளை வீட்டில் சந்தாலி பேசும். பள்ளியில் ஒடியாவோ இந்தியோ படிக்கும். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் தேர்வெழுதும். முதலாண்டில் அது வகுப்பில் வாய் திறவாதிருந்தால், அறிவில்லை என்று பொருளல்ல. இரண்டு மொழிகளைத் தாண்டி மூன்றாம் மொழியில் பதில் தேடுகிறது என்றே பொருள். சொந்த மொழியில் ஊன்றிய கல்வி எவ்வளவு பலன் தரும் என்பதற்கு மிசோரம் சாட்சி. 1894இல் அங்கு வந்த லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் மிசோ மொழிக்கு ரோமன் எழுத்துக்களில் வரிவடிவம் அமைத்தனர். 2011இல் அம்மாநிலத்தின் எழுத்தறிவு 91 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

காலத்தில் வரும் பணம்

பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆராய்ச்சி மாணவர்களுக்கென ஆண்டுக்கு 750 பேருக்குத் தேசிய உதவித்தொகையும், வெளிநாட்டில் பயில 20 பேருக்கு உதவியும் உண்டு. ஆனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பணம் தாமதமாகும். விடுதிக் கட்டணமோ காத்திருக்காது. விண்ணப்பத்தை நிரப்ப உடனிருந்து உதவும் ஒருவர், ஒரு மாணவனின் படிப்பையே காப்பாற்றிவிடலாம்.

துணை நின்ற மனிதர்கள்

கேரள மாநிலம் வயநாட்டின் குறிச்சியர் குலத்தைச் சேர்ந்த ஸ்ரீதன்யா சுரேஷ், கூலி வேலை செய்த பெற்றோரின் மகள். விலங்கியல் பயின்று, பழங்குடி மாணவர் விடுதியில் காப்பாளராகவும் வேலை பார்த்தவர். குடிமைப் பணித் தேர்வின் நேர்காணலுக்கு டெல்லி செல்லக் கையில் பணமில்லாதபோது, நண்பர்கள் சேர்ந்து திரட்டிக் கொடுத்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவுகளில் 410ஆம் இடம் பெற்று, கேரளப் பழங்குடிப் பெண்களில் முதன்முதலாக அத்தேர்வில் வென்றவர் ஆனார்.

முண்டா குலத்தவரான ஜெய்பால் சிங்கை ராஞ்சியின் மிஷன் பள்ளியில் கண்டுகொண்ட தலைமை ஆசிரியரே இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அவர் ஆக்ஸ்போர்டில் பயின்றார். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்குத் தலைவராக இருந்தார். பின்பு அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளுக்காகப் பேசினார். இருவருடைய திறமையும் அவர்களுடையதே. ஆயினும் தக்க வேளையில் ஒருவர் கைகொடுத்தார்.

சொந்த முகத்தை இழக்காமல்

படித்தபின் தன் ஜனத்தைக் குறித்து வெட்கப்படும் நிலை வந்தால், அது முழுமையான வெற்றியல்ல. ராம் தயாள் முண்டா சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கற்பித்தவர். 1980களில் ராஞ்சிக்குத் திரும்பிப் பழங்குடி மொழிகளுக்கான துறையைக் கட்டியெழுப்பினார்; பின்பு அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். தாய்மொழியும் பாட்டும் நடனமும் கல்விக்குத் தடையல்ல என்பதை அவரது வாழ்க்கை காட்டியது.

ஒடிசாவின் உபர்பேடா கிராமத்திலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் பெண் திரௌபதி முர்மு, 2022இல் குடியரசுத் தலைவரானார். ஒரு பெண் முன் நடந்துவிட்டால், பின்வருகிறவர்களுக்கு அது பாதையாகிறது.

நாம் செய்யக் கூடியவை

2012 ஆகஸ்டில் வதந்திகளுக்கு அஞ்சி, வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறிப் போனார்கள். பலருக்கு அந்நகரத்தில் நம்பி நிற்க ஒரு வீடும் இருக்கவில்லை என்பதையே அது உணர்த்தியது. அருகிலுள்ள கல்லூரி விடுதியில் இப்பிள்ளைகள் இருந்தால், அவர்களின் பெயரையும் ஊரையும் மொழியையும் கேட்டறியுங்கள். முகத்தோற்றத்தையோ உணவையோ காட்டி வாடகை வீட்டை மறுக்காதிருங்கள். உங்கள் பிள்ளைகள் தங்கள் பாடக் குறிப்புகளை அவர்களோடு பகிர்ந்துகொள்ளட்டும். பண்டிகை விடுமுறையில் ஊருக்குப் போக இயலாதவர்களை உங்கள் பந்தியில் உட்கார வையுங்கள். அந்நிய ஊரில் நமக்கும் ஒருநாள் யாரோ ஒருவர் கதவைத் திறந்ததினால்தான் நாம் இன்று நிலைத்திருக்கிறோம்.