கர்ப்பிணித் தாய்மாரும் நுளம்புக் களிம்பும்

முகாம்களிலும், மீள்குடியேறிய காணிகளில் போட்ட தற்காலிகக் கொட்டில்களிலும் தாய்மார் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வயித்தில பிள்ளையோட நுளம்புக்குப் பூசுற களிம்பைப் பூசலாமோ?" என்பதே அது. கேட்பவர்களில் பலர் விடையைத் தாமாகவே தீர்மானித்துவிட்டவர்கள். நிவாரணப் பொதியில் வந்த களிம்பைப் பிள்ளைகளுக்குப் பூசிவிட்டுத் தாங்கள் பூசாமல் இருந்துவிடுகிறார்கள். அதே தாய் இரவில் தட்டியைச் சாத்தி, தறப்பாளை இழுத்துக் கட்டி, தலைமாட்டில் நுளம்புத்திரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு படுக்கிறார். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறோம்.

கர்ப்பிணிகளை நுளம்பு கூடுதலாகக் குத்தும் என்று நமது ஆச்சிமார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆபிரிக்காவின் கம்பியா நாட்டில் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பிணிகளை நாடி வந்த மலேரியா நுளம்புகளின் தொகை மற்றப் பெண்களை நாடி வந்தவற்றைப் போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கர்ப்பிணி கூடுதலாக மூச்சுவிடுகிறார். அவரது வயிற்றுப் பகுதியின் சூடும் சற்று அதிகம். மூச்சுக் காற்றையும் உடற்சூட்டையும் கொண்டுதான் நுளம்பு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

மலேரியாவின் கொடுமையை வன்னி மக்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. பின்னர் அது படிப்படியாகக் குறைந்து, 2012ஆம் ஆண்டுக்குப் பின் உள்ளூரில் தொற்றிய நோயாளர் எவரும் காணப்படாத நிலையில், 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அந்த இடத்தை டெங்கு பிடித்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குவினால் பாதிக்கப்பட்டனர். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் குறைமாதப் பிரசவம் நேரலாம். பிரசவ வேளையில் இரத்தப்போக்குக் கட்டுமீறலாம். பேறுகாலத்தை அண்டி நோய் கண்டால் பிள்ளைக்கும் தொற்றலாம். களிம்பினால் வரக்கூடும் என்று நாம் எண்ணும் கெடுதியை இவற்றோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இக்களிம்புகளில் பெரும்பாலும் சேர்க்கப்படும் மருந்தின் பெயர் 'டீட்'. 1940களில் அமெரிக்கப் படையினருக்காக ஆக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்கள் பாவனைக்கு வந்தது. இது நுளம்பைக் கொல்வதில்லை. நம்மில் வந்து குந்தவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

கர்ப்பிணிகள் பற்றிய முக்கியமான ஆய்வு, நம்மைப் போல இடம்பெயர்ந்த மக்களிடையேதான் நடந்தது. தாய்லாந்து எல்லையிலுள்ள முகாம்களில் வாழ்ந்த, மியன்மாரிலிருந்து வந்த அகதிப் பெண்கள் 897 பேர் அதிற் சேர்ந்தனர். ஒரு பகுதியினர் தமது வழமையான 'தனகா' என்ற மரச்சாந்தில் நூற்றுக்கு 20 பங்கு டீட் கலந்து, நான்காம் மாதம் தொடக்கம் நாள்தோறும் பூசினர். மற்றவர்கள் மருந்து கலக்காத சாந்தைப் பூசினர். 2001இல் முடிவு வெளியானது. மருந்து பூசிய தாய்மாருக்குத் தீங்கு காணப்படவில்லை. அவர்களின் பிள்ளைகள் பிறப்பிலும், ஒரு வயதிலும், மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்திருந்தார்கள். மருந்து பிள்ளையைச் சென்றடையவே மாட்டாது என்று சொல்வதற்கில்லை. தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு எட்டுப் பேரளவில் அதன் சுவடு இருந்தது. ஆனால் அதனால் கெடுதி விளைந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஆய்வு முதல் மூன்று மாதங்களை உள்ளடக்கவில்லை. அந்த மாதங்களிலும் அறிவுறுத்தற்படி பாவிக்கலாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கூறுகிறது. எனினும் அக்காலத்தில் நீளக்கைச் சட்டையையும் வலையையும் முதலில் நம்புங்கள். நுளம்பு மொய்க்கும் வேளையில், மூடாமல் இருக்கும் இடத்துக்கு மாத்திரம் பூசுங்கள் என்பது நமது ஆலோசனை.

சிலர் வேறொன்றையும் கவனித்திருக்கிறார்கள். களிம்பு பட்ட மூக்குக்கண்ணாடிச் சட்டம் மங்கிப் போகிறது, பிளாஸ்டிக் வாளி பிசுபிசுக்கிறது. "பிளாஸ்டிக்கையே உருக்குகிற மருந்து பிள்ளையை விட்டுவைக்குமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சில பிளாஸ்டிக் வகைகளை டீட் கரைப்பது உண்மைதான். மண்ணெண்ணெய் றெஜிபோமைக் கரைக்கிறது, ஆனால் தகரப் போத்தலைக் கரைப்பதில்லையே. தோல் பிளாஸ்டிக் அல்ல.

பூசும் முறைதான் முக்கியம். போத்தலில் மருந்தின் அளவு நூற்றுக்கு இத்தனை என்று எழுதியிருக்கும். 20 முதல் 30 வரை உள்ளது போதும். நூற்றுக்கு 24 பங்களவு கொண்டது ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் காக்கும். மொழி விளங்காவிட்டால் குடும்ப நல மாதுவிடம் காட்டி வாசிப்பியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உடைக்கு வெளியே தெரியும் கை, கால், கழுத்தில் மெல்லியதாகப் பூசினால் போதும். தடிப்பாகப் பூசுவதால் காவல் கூடாது. உடுப்பின் கீழே பூசக்கூடாது. வயிற்றில் பூசவேண்டிய தேவையே இல்லை. வயற்புண், சேற்றுப்புண், வெட்டுக்காயம் உள்ள இடத்தைத் தவிர்க்கவேண்டும். முகத்துக்கென்றால் உள்ளங்கையில் எடுத்து, கண்ணும் வாயும் தவிர்த்துத் தடவுங்கள். சமைக்கவும் சோறு குழைக்கவும் முன் கையைக் கழுவுங்கள். இரவு வலைக்குள் போகுமுன் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடலாம். பிள்ளை பிறந்த பின்னும் தாய் பூசலாம், ஆனால் மார்பில் அல்ல. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்தக் களிம்பும் வேண்டாம், வலை போதும்.

பிக்காரிடின் என்ற மருந்து கொண்ட களிம்பும் கர்ப்பிணிகளுக்கு ஏற்றதே. நமது தென் மாகாணத்தில் வடிக்கப்படும் சித்ரனெல்லா எண்ணெய் மணமானது, ஆனால் காவல் அதிக நேரம் நில்லாது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அது சேர்ந்த பூச்சுகள் 20 நிமிடம் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வேப்பெண்ணெயைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசுபவர்கள் உண்டு. பூசுவதோடு நிற்கட்டும், கர்ப்பிணிகளோ சிறுபிள்ளைகளோ அதைக் குடிக்கவே கூடாது. இயற்கையானது என்பதால் மாத்திரம் ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இனி நுளம்புத்திரி. ஒரு திரி முழுதாக எரியும்போது வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. சிகரெட்டைத் தொடாத தாய், அடைத்த கொட்டிலில் படுத்தபடி இவ்வளவையும் இழுக்கிறார். கிடுகும் தறப்பாளும் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. திரி வேண்டுமானால் முற்றத்தில், காற்றோட்டமாக, ஆட்கள் இருக்கும் இடத்துக்குத் தள்ளி வையுங்கள். வேப்பிலை, நொச்சி மூட்டத்துக்கும் இதுவே விதி. புகை எதுவாயினும் புகைதான்.

எல்லாவற்றிலும் நம்மைக் கவலைப்படுத்துவது, வயலுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிநாசினியைக் கொட்டிலுக்குள் தெளிக்கும் பழக்கம். "முந்தி மலேரியாக்காரர் வந்து வீட்டுக்கு மலத்தியன் அடிச்சவை தானே" என்று காரணமும் சொல்வார்கள். அவர்கள் பயிற்றப்பட்டவர்கள், அளந்து கலந்து, சாமான்களை வெளியே எடுப்பித்து, சுவருக்கு அடித்தார்கள். பயிருக்கென ஆக்கிய நஞ்சு படுக்கையிலும், பானையிலும், தாயின் தோலிலும் படிவது வேறு. அது தோலினூடாகவே உடலுக்குள் செல்லும். கர்ப்பிணிகள் தெளிகருவியைத் தொடவேண்டாம், தெளித்தவரின் உடுப்பைத் தோய்க்கவும் வேண்டாம். அந்த உடுப்பை வீட்டுக்காரர் தாமே தோய்க்கட்டும்.

டெங்கு நுளம்பு பகலில் குத்துவது. விடிந்தபின் சில மணித்தியாலமும் பொழுதுபடுமுன் சில மணித்தியாலமும் அதற்கு மும்முரமான நேரம். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுவதும் அந்நேரத்தில்தான். ஆகவே களிம்பைக் காலையிலும் பின்னேரமும் பூசுங்கள். பகலில் சரியும்போதும் வலைக்குள் சரியுங்கள். மருந்தூட்டிய வலை கர்ப்பிணிக்கு நல்லது. புது வலையை ஒரு நாள் நிழலில் விரித்துக் காற்றாட விட்டுப் பாவிக்கவேண்டும். அதைக் குளத்திலோ வாய்க்காலிலோ அலசவேண்டாம், மீன் செத்துவிடும். தண்ணீர்ப் பரல்களை மூடிவைத்து, வாரம் ஒருமுறை உட்புறத்தை உரஞ்சிக் கழுவுங்கள். சிரட்டை, கோம்பை, பழைய டயர் எதிலும் மழைநீர் தேங்கவிடாதீர்கள். 2017இல் மன்னாரில் புதிய இன மலேரியா நுளம்பொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகக் கூடியது. ஆகவே மலேரியா போய்விட்டதென்று கிணறுகளைக் கவனியாது விடலாகாது.

இத்தனைக்கும் பிறகு காய்ச்சல் வந்தால், கர்ப்பிணி மூன்று நாள் பார்த்திருக்க வேண்டாம். முதல் நாளே கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதுவரை பரசிற்றமோல் மாத்திரமே. அஸ்பிரின், இபுபுறோபன் போன்றவை இரத்தப்போக்கைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டது என்று எண்ணி வீட்டுக்குத் துண்டு வெட்டச் சொல்லாதீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது.