காது மிஷினோடு ஒத்துப்போகும் போன் எது?

பாட்டு ஓடும் ரேடியோவுக்குப் பக்கத்தில் செல்போன் இருந்தால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே ஸ்பீக்கர் 'டக்டக் டர்ர்...' என்று கரகரக்கும். 2ஜி காலத்தில் எல்லோரும் கேட்ட சத்தம்தான். அதே கரகரப்பு காதுக்குள்ளேயே எழுந்தால் எப்படி இருக்கும்? காது மிஷின் போட்டவர்கள் பலர் போனைக் கண்டாலே ஒதுங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2ஜி போன் இடைவிடாமல் அலை பரப்புவதில்லை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பங்குபோட்டுக்கொள்வதால், தன் முறை வரும்போது மட்டும் நொடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டுப் பரப்பும். 900 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு துடிப்பும் 2 வாட் வரை போகலாம். மிஷினுக்குள் உள்ள கம்பிகள் அதை ஆண்டெனா போல வாங்கிக்கொள்ள, ஆம்ப்ளிஃபயர் இரைச்சலாகப் பெருக்கிக் கொடுத்துவிடும். டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் சக்தியைக் கூட்டும்; இரைச்சலும் கூடும்.

4ஜி வழியே பேசினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. பழைய போன் குரல் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். 4ஜியின் எச்டி குரல் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் உயிர் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே, போனின் செட்டிங்கில் 4ஜி காலிங் 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நெட்வொர்க்குகளில் அது அணைந்திருந்தால் பேச்சு 2ஜிக்கு இறங்கிவிடும். காசில்லாத வைத்தியம் இது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. போன்கள் காது மிஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்று 1988இல் சட்டம் வந்தபோது செல்போனுக்கு விலக்கு கொடுத்தார்கள். 2003இல் அந்த விலக்கைத் தளர்த்தினார்கள். அதன் பிறகு பழக்கத்துக்கு வந்ததுதான் எம், டி மதிப்பெண். இரண்டும் 1 முதல் 4 வரை. 3க்குக் குறைந்தால் தேறாது. எம் என்பது மைக் வழியாகக் கேட்பதற்கு, டி என்பது டெலிகாயில் வழியாகக் கேட்பதற்கு. புதிய தர அளவில் மதிப்பெண் போய், தேர்ச்சி உண்டா இல்லையா என்பது மட்டுமே. சந்தைக்கு வரும் எல்லா செல்போனும் படிப்படியாகத் தேற வேண்டும் என்று 2024 அக்டோபரில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் ஆணையிட்டுவிட்டது.

டெலிகாயில் என்பது மிஷினுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு செம்புக் கம்பிச் சுருள். போனின் காந்தப்புலத்தை நேராகப் பிடித்து ஒலியாக்கும். மைக் அணைந்துவிடுவதால் பஸ் ஹாரனும் பக்கத்துப் பேச்சும் உள்ளே நுழையாது. விசில் சத்தமும் வராது. ஆனால், டியூப்லைட் சோக் அருகே நின்றால் 'ஊம்' என்று முனகும். பல மிஷின்களில் சுருள் இருந்தும் அந்த வசதியை யாரும் இயக்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் கொடுமை.

விலை கூடிய மிஷின்களில் போன் குரல் ப்ளூடூத்தில் நேரே வருகிறது. வில்லங்கமும் அங்கேதான். ஐபோனுக்கென்று ஆப்பிள் வகுத்த முறை 2014இல் மிஷின்களில் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு கூகுள் கொண்டுவந்த 'ஆஷா' 2019இல் ஆண்ட்ராய்டு 10உடன் வந்தது. (கடையில் 'ஆஷா இருக்கா?' என்றால் பழைய நோக்கியாவைக் காட்டினாலும் காட்டுவார்கள்!) இரு தரப்புக்கும் பொதுவாக 2020இல் அறிவிக்கப்பட்டது எல்இ ஆடியோ. ப்ளூடூத் 5.2 என்று பெட்டியில் போட்டிருப்பதாலேயே எல்இ ஆடியோ இருக்கிறது என்று ஆகிவிடாது. ஐபோனுக்கு மட்டுமே செய்த மிஷினை வைத்துக்கொண்டு எத்தனை விலையுயர்ந்த ஆண்ட்ராய்டு வாங்கினாலும் குரல் நேரே போகாது. அதனால் 'சிறந்த போன் எது?' என்ற கேள்வியே தப்பு என்பேன். உங்கள் மிஷினுக்கு எது ஜோடி என்பதுதான் கேள்வி. மிஷின் கம்பெனியின் இணையதளத்தில் ஒத்துப்போகும் போன்களின் பட்டியல் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

சாதாரண மிஷின்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினின் மைக் காது மடலின் உச்சியில் இருக்கிறது. நாமோ பழக்கதோஷத்தில் போனைக் காதுத் துளையில் வைக்கிறோம். அதைக் கொஞ்சம் மேலே தூக்கி, மைக்குக்கு நேராக, ஒட்டாமல் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் குரல் தெளியும், விசில் அடங்கும்.

கேமராவையும் விலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டே கடைக்குப் போங்கள். உங்கள் சிம்மைப் போட்டு, வீட்டுக்கு ஒரு போன் செய்து, கடைக்கு வெளியே தெருச் சத்தத்திலும் நின்று பேசிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.