முதல் ஆட்டத்தில் மதில் சரிந்தது ஏன்?

சென்ற தீபாவளிக்கு என் மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். பலகாரங்களைச் சாப்பிட்டு முடித்த ஒரு மத்தியானம், தன் கம்ப்யூட்டரை என் முன்னால் வைத்து, "அப்பா, இந்த ஆட்டத்தை முழுசா பாருங்க. பார்த்துட்டு, உங்க ரயில்வே விசாரணை மாதிரி, யார் மேல தப்புன்னு சொல்லுங்க" என்றான். ஆன் ஆர்பர் நகரத்தில் அவன் எம்.எஸ். படித்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து ஆட்டம் அது. 2007 செப்டம்பர் 1-ஆம் தேதி, அந்த வருஷப் பருவத்தின் முதல் ஆட்டம்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் பிள்ளைகள் விளையாடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்து. காலால் உதைப்பது அபூர்வம். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரணியார் பாய்ந்து கீழே தள்ளுவார்கள். சிறிது நேரம் பார்த்துவிட்டு என் மனைவி, "இது கபடியா, மல்யுத்தமா?" என்று கேட்டாள். இரண்டும் கொஞ்சம் உண்டு என்றேன்.

நம் அன்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே படிப்பதால், விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் கூடுதலாக 1. உதைக்காமல் மறுபடி எல்லைக்குள் கொண்டுபோனால் 2. தூரத்திலிருந்தே உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3. தாக்குவதற்கு ஒரு கூட்டம், தடுப்பதற்கு வேறு கூட்டம். தடுப்பவர்கள் மூன்று வரிசையாக நிற்பார்கள்: முன்னால் மலை போன்ற ஆட்கள், நடுவில் பாய்கிறவர்கள், பின்னால் ஓடுகிறவர்கள். இந்தத் தடுப்பு மதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அன்று மிச்சிகன் அணி நாட்டின் தரவரிசையில் 5-ஆம் இடத்தில் இருந்தது. அரங்கில் 1,09,000-க்கும் மேற்பட்ட ஜனங்கள். எதிரே வந்தது வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள பூன் என்ற சிற்றூரின் அப்பலாச்சியன் ஸ்டேட். அப்போது ஒரு படி கீழான பிரிவில் இருந்த அணி. அப்போது பெரிய பிரிவில் ஓர் அணிக்கு 85 உதவித்தொகை ஆட்டக்காரர்கள் என்றால், இவர்கள் இருந்த பிரிவில் 63 தான். மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து இவர்களை விளையாட அழைத்திருந்தது. பருவத்தை ஒரு சுலப வெற்றியோடு தொடங்குவதற்காகப் பெரிய பல்கலைக்கழகங்கள் இப்படி அழைப்பது வழக்கம்.

வந்த விருந்தாளி 34-க்கு 32 என்று வீட்டுக்காரனை வென்றுவிட்டுப் போனான்! தரவரிசையில் இருந்த பெரிய பிரிவு அணி ஒன்றைக் கீழ்ப்பிரிவு அணி வென்றது அதுவே முதல் தடவை. மறுவாரம் வெளியான பட்டியலில் மிச்சிகனின் பெயரே இல்லை.

மதில் இடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் டிப்ளமா படித்த ரயில்வேக்காரன். பாதை பராமரிப்பில் காலம் கழித்தவன். ஒரு விபத்து நடந்தால், கடைசியாக அங்கே நின்றவனைப் பிடிப்பதற்கு முன் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அந்தக் கண்ணோடுதான் ஆட்டத்தை இரண்டு தரம் பார்த்தேன்.

முதல் கணக்கு, நேரம். விட்டுக்கொடுத்த 34 புள்ளிகளில் 28 முதல் பாதியிலேயே போயின. இரண்டாம் பாதியில் போனவை 6 மட்டுமே. இரண்டு தூர உதைகள். எல்லைக்கோட்டை ஒருவனும் தாண்டவில்லை. அதாவது, முதல் பாதியில் திணறிய அதே ஆட்கள் பிற்பாதியில் பெருமளவு தேறிவிட்டார்கள். எதிரணியின் பந்து வீச்சை இரண்டு முறை இடைமறித்துப் பிடித்தும் இருக்கிறார்கள்.

இரண்டாவது கணக்கு, முறை. எதிரணியின் தலைவன் ஆர்மான்டி எட்வர்ட்ஸ். ஒல்லியான பையன், ஆனால் காலில் சக்கரம். 23 வீச்சில் 17 சரியாகப் போய்ச் சேர்ந்து 227 கெஜம் கிடைத்தது. தானே ஓடி 62 கெஜம். வீச்சில் மூன்று முறையும் ஓட்டத்தில் ஒரு முறையும் எல்லை கடந்தார்கள். அவர்கள் ஆடிய முறை, ஆட்களை மைதானத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்துவது. கபடியில் ஏழு பேரும் நெருக்கமாக நின்றால் பாடி வருபவன் மாட்டிக்கொள்வான். இடைவெளி விழுந்தால் தப்பிவிடுவான் அல்லவா? அதுதான் தத்துவம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மதிலின் ஓரத்தில் நிற்கும் தடுப்பாளனை வேண்டுமென்றே யாரும் மறிப்பதில்லை. தலைவன் பந்தைப் பக்கத்திலிருக்கும் ஓட்டக்காரனிடம் நீட்டிக்கொண்டே அந்த ஓரத்து ஆளைப் பார்க்கிறான். அவன் ஓட்டக்காரனைத் துரத்தினால் தலைவன் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுகிறான். அவன் அசையாமல் நின்றால் பந்து ஓட்டக்காரனிடம் போகிறது. ஆக, தடுப்பாளனின் பலம் இங்கே உதவாது. ஒவ்வொருவனும் தன் பொறுப்பு இன்னது என்று தெரிந்து, பக்கத்து வேலைக்கு ஆசைப்படாமல் நிற்க வேண்டும். கேபின்மேன் தன் சிக்னலைப் பார்க்காமல் அடுத்த ஸ்டேஷன் வண்டியை வேடிக்கை பார்த்தால் என்ன ஆகும்? முதல் பாதியில் அதுதான் நடந்தது.

ஓர் உதாரணம். டெக்ஸ்டர் ஜாக்சன் என்ற ஆட்டக்காரன் நடுப்பகுதியில் பந்தைப் பிடித்தான். அங்கேயே அவனை மடக்கியிருந்தால் சாதாரண முன்னேற்றம். பின்வரிசை வந்து சேருவதற்குள் ஒரே ஓட்டமாக ஓடி எல்லையைத் தொட்டுவிட்டான். மொத்தம் 68 கெஜம்.

மூன்றாவது கணக்கு, ஆட்கள். முந்தின 2006-ஆம் பருவத்தில் இதே மிச்சிகன் மதில், தரையில் ஓடி வருபவர்களைத் தடுப்பதில் நாட்டிலேயே முதலிடம்; ஆட்டத்துக்குச் சராசரி 44 கெஜம்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த மதிலின் மூலைக்கல்லான லியான் ஹால், ஆலன் பிராஞ்ச், லமார் உட்லி, டேவிட் ஹாரிஸ் ஆகிய நால்வரும் 2007-இல் தொழில்முறை அணிகளுக்குத் தேர்வாகிப் போய்விட்டார்கள். கல்லூரி அணி என்பதே அப்படித்தான். நாலு வருஷத்துக்கொரு முறை கரையை வெட்டிப் புதுக் கரை போட வேண்டும். பெயரும் சட்டையும் பழையவை. உள்ளே நிற்பவர்கள் புதியவர்கள். ஜனங்களோ பழைய மதிலை எதிர்பார்த்து வருகிறார்கள்.

நான்காவது கணக்குத்தான் முக்கியம்: தோல்வியில் மதிலின் பங்கு எவ்வளவு? வித்தியாசம் 2 புள்ளி. மிச்சிகனின் தாக்கும் கூட்டம் 2 புள்ளிக்கான முயற்சியை இரண்டு முறை செய்து இரண்டு முறையும் தவறவிட்டது. மைக் ஹார்ட் 54 கெஜம் ஓடி 32-31 என்று முன்னிலை கொடுத்தபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம்கூட இல்லை. அடுத்து மதில் செய்ய வேண்டியதைச் செய்து பந்தை இடைமறித்துக் கொடுத்தது. அதன்பின் உதைத்த பந்தை எதிரணி கையால் தடுத்துவிட்டது. மிச்சம் 1 நிமிஷம் 37 விநாடி. இந்த இடத்தில்தான் மதில் மறுபடி தளர்ந்தது: ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலான நேரத்தில் 69 கெஜம் விட்டுக்கொடுத்தது. 26 விநாடி மீதியிருக்கையில் ஜூலியன் ரவுஷ் 24 கெஜ தூரத்திலிருந்து உதைத்து 3 புள்ளி எடுத்தான். பதிலுக்கு மிச்சிகன் ஒரே வீச்சில் 46 கெஜம் போய், கடைசி விநாடியில் உதைத்தது. கோரி லிஞ்ச் பாய்ந்து அதையும் தடுத்துவிட்டான். உதைத்த பந்து இரண்டு முறை தடுக்கப்பட்டதற்கு மதில் என்ன செய்யும்?

ஆகவே என் விசாரணை அறிக்கை: மதிலில் குறை உண்டு. அது பலக்குறை அன்று. பரப்பி ஆடும் முறைக்கு முன் தத்தம் இடம் தெரியாத குறை. தோல்வியின் முழுப் பாரமும் அவர்கள் தலையில் ஏறாது.

இந்த அறிக்கை சரியா என்பதைப் பின்னால் நடந்தவற்றோடு ஒத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் வந்த ஆரிகன் அணியும் பரப்பி ஆடும் அணிதான். 39-7 என்று மிச்சிகனைத் தேய்த்துவிட்டது. குறை இருந்தது மெய். அதற்கடுத்த வாரம் நோட்டர் டேம் அணியை 38-0 என்று, ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் வென்றார்கள். அதிலிருந்து தொடர்ந்து எட்டு வெற்றி. 2008 ஜனவரி 1-ஆம் தேதி, பரப்பி ஆடுவதில் பேர்பெற்ற ஃப்ளோரிடாவை 41-35 என்று வென்று 9 வெற்றி, 4 தோல்வியோடு பருவத்தை முடித்தார்கள். 35 கொடுத்ததால், குறை முழுதும் தீரவில்லை என்பதும் தெரிகிறது. அதற்குச் சில நாள் முன்பே, ஓய்வு பெறவிருந்த பயிற்சியாளர் லாய்ட் காருக்குப் பதிலாகப் பரப்பி ஆடும் முறையிலேயே புகழ்பெற்ற ரிச் ரொட்ரிகெஸை நியமித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014-இல் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அதே அப்பலாச்சியன் ஸ்டேட் அதே மைதானத்துக்கு வந்தது. மிச்சிகன் 52-14 என்று வென்றது. பழி தீர்ந்தது என்று கொண்டாட்டம். அந்தப் பருவம் எப்படி முடிந்தது? 5 வெற்றி, 7 தோல்வி. பயிற்சியாளர் வேலையை இழந்தார். முதல் நாள் தோற்றவர்கள் தேறினார்கள். முதல் நாள் ஜெயித்தவர்கள் சரிந்தார்கள். முதல் ஆட்டத்தின் புள்ளிகளை மட்டும் பார்த்து ஜாதகம் கணித்தவர்கள் இரண்டு முறையும் ஏமாந்தார்கள்.

எனக்கு இது புதிதன்று. நான் இளம் பி.டபிள்யூ.ஐ. ஆக இருந்தபோது, புதிதாகப் போட்ட ஒரு கரையில் முதல் மழைக்கே ஒரு இடத்தில் பாதை தாழ்ந்தது. கேங்க் மேஸ்திரியை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் வடிய அந்த இடத்தில் வாய்க்கால் கிடையாது. குறை ஜல்லி அடித்தவரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. புதுக் கரை எதுவும் முதல் மழையில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்காகத்தான் வேகத்தைக் குறைத்து வண்டி விடுகிறோம். எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்வதே முதல் மழையின் உபயோகம். வாய்க்கால் வெட்டினோம், அடுத்த மழைக்குப் பாதை நின்றது. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

இதையெல்லாம் மகனிடம் சொல்லி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தபடி, "நான் ஃபர்ஸ்ட் செமஸ்டர்ல மேத்ஸ் அரியர் வெச்சப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்றான். ஞாபகம் இருந்தது. 'நீ தேறமாட்டாய்' என்று ஹாஸ்டலுக்குக் கடிதமே எழுதியிருந்தேன். வீட்டையும் பாஷையையும் விட்டு முதல் தடவை வெளியூர் போன பையனுக்கு எங்கே இறங்குகிறது என்று நான் கேட்கவில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி, "அந்தக் கடிதாசு இன்னும் என் பெட்டியில்தான் இருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

நம் சங்கக் குடும்பங்களில் இந்த வருஷமும் பல பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். முதல் மார்க் ஷீட் வரும் நாளில், அன்பர்கள் மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன், எந்தப் பாடத்தில், எந்தப் பாதியில் என்று பிரித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடிதம் எழுதுவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.